சொல் தவறாத சுவார்ட்ஸ் ஐயர்

கடல் கடந்து தமிழகம் போந்த மேலை நாட்டார் பலர். வாணிகம் நாடி வந்தோர் உண்டு. வாளேந்தி வந்தோர் உண்டு. சமயத் தொண்டு புரிய வந்தோரும் உண்டு. வாணிகர் பொருள் ஈட்டிச் சென்றனர். வாளேந்தியோர் மண்ணைக் கவர்ந்தனர். சமயத் தொண்டருள்ளும் தாயகம் திரும்பியவர் சிலர். தமிழ் மண்ணிலேயே வாழ்ந்து, தமிழ் மண்ணிலேயே மறைந்தவர் சிலர். இப்பின்னவருள் முன்வைத்து எண்ணத்தக்க பெருந்தகை கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர் ஆவார்.

1750ஆம் ஆண்டு முதல் 1798ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள், அவர் தரங்கம்பாடியிலும் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் வாழ்ந்து போதகப் பணி புரிந்தார். அக்காலம் தமிழ்நாட்டிற்குப் பொல்லாத காலம். ஆர்க்காட்டு நவாபும், தஞ்சை மராட்டியரும், மைசூர் ஹைதரும், பிரெஞ்சுக்காரரும், ஆங்கிலக் கும்பினியாரும் மாறி மாறிப் போரிட்ட காலம். உடன்படிக்கைகள் எழுதப்பட்ட மை உலருமுன்னே கிழிக்கப்பட்ட காலம். யார் சொல்லை யார் நம்புவது என்று தெரியாமல் குடிகள் கலங்கிய அந்நாளில், அரசனும் உழவனும் பகைவனும் ஒருங்கே நம்பிய சொல் ஒன்று இருந்தது. அது இந்தப் போதகரின் சொல். அச்சொல்லின் வரலாறே அவருடைய வாழ்க்கை வரலாறு.

பிறப்பும் பயிற்சியும்

சுவார்ட்ஸ் ஐயர் 1726ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பிரஷ்ய நாட்டுச் சோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டைச் சேர்ந்தது. இளம் பருவத்திலேயே அவர் அன்னையை இழந்தார். அன்னை இறக்குந் தறுவாயில், இம்மகனை இறைவன் பணிக்கென ஒப்படைத்திருப்பதாகக் கணவரிடமும் குருவிடமும் கூறிக் கண்மூடினார். தந்தை அவ்வேண்டுகோளைக் கருத்தில் இருத்தி மகனை எளிய வாழ்வில் பழக்கினார். ஒருத்தி கொடுத்த வாக்கின்மேல் தொடங்கிய வாழ்வு, பின்னாளில் பல்லாயிரவர்க்குக் கொடுத்த வாக்கைக் காக்கும் வாழ்வாக மலர்ந்தது வியப்பன்று.

உயர்கல்விக்காக அவர் ஹாலே என்னும் நகரை அடைந்தார். அங்கே தமிழகத்தில் பல்லாண்டு தொண்டு புரிந்து திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சு என்பார் தமிழ் விவிலியத்தைப் புதிதாக அச்சிட முயன்று கொண்டிருந்தார். அவருக்கு உதவும்பொருட்டுச் சுவார்ட்ஸ் தமிழ் கற்கத் தொடங்கினார். அச்சு முயற்சி நிறைவேறவில்லை. ஆயினும் தமிழ் அவர் நெஞ்சில் பதிந்துவிட்டது. தமிழ்நாட்டைக் காணுமுன்னரே தமிழை அறிந்தவர் என்னும் பெருமை அவருக்கு உண்டு. 1749இல் கோபன்ஹேகன் நகரில் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு சனவரியில் இலண்டனில் கப்பலேறினார். 1750 ஜூலையில் தமிழ்க் கரையில் இறங்கினார். அதன்பின் ஒருநாளேனும் அவர் தாயகம் திரும்பியதில்லை. மணமும் செய்துகொண்டிலர்.

தரங்கம்பாடியில்

டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில், 1706ஆம் ஆண்டு வந்து சேர்ந்த சீகன்பால்கு ஐயர் தொடங்கிய திருப்பணி அப்போது வேரூன்றியிருந்தது. புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 1718இல் சீகன்பால்கு எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்தில், வந்து நான்கு திங்கள் நிரம்புமுன்னே சுவார்ட்ஸ் ஐயர் தமிழில் அருளுரை ஆற்றினார்.

அவருடைய போதனை ஆலயத்தோடு நின்றதில்லை. காலையிலும் மாலையிலும் ஊர்தோறும் நடந்து செல்வார். மரத்தடியிலும் சத்திரத்துத் திண்ணையிலும் வயல் வரப்பிலும் அமர்ந்து, வழிப்போக்கரோடும் உழவரோடும் பேசுவார். தாம் பேசுவது பாதி. பிறர் பேசுவதைக் கேட்பது பாதி. மக்கள் எதை நம்பி வாழ்கின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர் என்று அறியாதவன் அவர்களுக்கு எதைப் போதிக்க முடியும் என்பது அவர் கருத்து. ஆதலால் தமிழர்தம் சமய நூல்களையும் அவர் முயன்று கற்றார். பின்னர்ப் பாரசீகமும் இந்துஸ்தானியும் மராட்டியும் போர்ச்சுகீசியமும் பயின்றார். படைவீரரோடு பேச ஆங்கிலமும் கற்றார்.

வேற்றுமொழி வழங்கும் நகரங்களில் வாழ்க்கையை அமைத்துக்கொண்ட நம்மனோர்க்கு இச்செய்தி ஒரு தனிப்பொருள் உடையது. அயலூரில் வாழ்பவன் அவ்வூர் மொழியைக் கடைக்கும் அலுவலகத்துக்கும் போதுமான அளவு கற்பது இயல்பு. அண்டை வீட்டாரின் துயரத்தைக் கேட்டறியும் அளவுக்குக் கற்பதோ அன்பின் செயல். சுவார்ட்ஸ் ஐயர் அந்த அளவுக்குத் தமிழைக் கற்றார்.

திருச்சிராப்பள்ளியில்

1762ஆம் ஆண்டு ஐயர் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றார். அங்கே ஆங்கிலப் படை ஒன்று தங்கியிருந்தது. அதற்குத் தனிப் போதகர் இல்லை. தமிழ்ச் சபையைத் திரட்ட வந்தவர் அவ்வீரர்க்கும் குருவானார். 1764இல் மதுரை முற்றுகை நடந்தபோது பாளையத்திற்குச் சென்று, காயமுற்றோரையும் நோயாளரையும் கவனித்தார். 1766இல் கோட்டையினுள் கிறிஸ்துநாதர் ஆலயம் எழுந்தது. அதன்பின் இலண்டன் கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தாரின் ஆதரவில் அவர் பணி தொடர்ந்தது.

படைக்குருவின் பணிக்காகக் கும்பினியார் அவருக்கு ஆண்டுக்கு நூறு பவுன் ஊதியம் வழங்கினர். அதில் ஒரு பங்கைச் சபைக்கும் பள்ளிக்கும் கொடுத்துவிட்டார். அவர் வாழ்ந்தது ஒரு சிற்றறை. உண்டது சோறும் காய்கறியும். உடுத்தது சாயமிட்ட கறுப்புப் பருத்தி அங்கி. கும்பினி அலுவலர் பலர் சில ஆண்டுகளில் பெருஞ்செல்வராகித் தாயகம் திரும்பிய காலம் அது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பணத்திற்காக எதையும் செய்யும் வெள்ளையரைக் கண்டு பழகிய மக்கள், பணம் வேண்டாத வெள்ளையர் ஒருவரைக் கண்டு முதலில் வியந்தனர், பின்னர் நம்பினர்.

நாள்தோறும் விடியற்காலையில் உபதேசிமாரைக் கூட்டி மன்றாடி, இன்னின்ன ஊர்க்குச் செல்க என்று அனுப்புவார். மாலையில் அவர்கள் திரும்பி வந்து, யாரைக் கண்டோம், யார் என்ன வினவினர், என்ன விடை கூறினோம் என்று எடுத்துரைப்பர். விடையிற் குறையிருந்தால் ஐயர் பொறுமையோடு திருத்துவார். போதகர் பணி என்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பேசுவதன்று. பிறரைப் பேசவும் வாழவும் பழக்குவது என்பதை அவர் இவ்வாறு காட்டினார்.

துளஜா மன்னர் நட்பு

1769ஆம் ஆண்டு தஞ்சை மன்னர் துளஜா அவரை அழைத்து உரையாடினார். முன்பின் அறியாத அரசவையில் அவர் அஞ்சவுமில்லை, முகமன் கூறவுமில்லை. மன்னர்க்கும் பிறப்பு இறப்பு உண்டு, கணக்கு ஒப்புவிக்கும் நாளும் உண்டு என்பதை இனிய சொற்களால் எடுத்துரைத்தார். மன்னர் அவர்பால் பெரும்பற்றுக் கொண்டார். தம் பாதிரியார் என்றே அவரைக் குறிப்பிடலானார். மன்னர் தம் சமயத்தை விட்டாரல்லர். ஐயரும் தம் போதனையை மறைத்தாரல்லர். இருவரிடையே இருந்த நட்பு இதனாற் குன்றியதுமில்லை.

1773இல் நவாபின் பொருட்டுக் கும்பினிப் படை தஞ்சையைக் கைப்பற்றி மன்னரைச் சிறைப்படுத்தியது. 1776இல் அரசு மீண்டும் துளஜாவுக்கு அளிக்கப்பட்டது. 1778இல் ஐயர் தஞ்சையையே தம் நிலையான இருப்பிடமாக்கிக் கொண்டார். மறு ஆண்டு கோட்டைக்குள் ஓர் ஆலயம் எழுந்தது. இன்றும் மக்கள் அதனைச் சுவார்ட்ஸ் ஆலயம் என்றே வழங்குகின்றனர்.

ஹைதர் அவையில்

1779ஆம் ஆண்டு சென்னைக் கவர்னர் தாமஸ் ரம்போல்டு ஐயரை அழைத்து, ஹைதர் அலியிடம் தூது செல்லுமாறு வேண்டினார். கும்பினியார் அமைதியையே விரும்புகின்றனர் என்று அவரிடம் உணர்த்த வேண்டும் என்பது கட்டளை. போதகர் அரசியல் தூது செல்வது தகுமா என ஐயர் தயங்கினார். குருதி சிந்தாமல் தடுக்க இயலுமாயின் அதனைச் செய்யாதிருப்பது பிழை. தமக்கு நன்மை செய்தோர்க்கு நன்றி காட்டுவது கடன். செல்லும் வழியெல்லாம் திருப்பணியும் செய்யலாம். இம்மூன்றும் கருதி அவர் இசைந்தார். ஆனால் பரிசு எதனாலும் தம் கை கறைபடலாகாது என்று உறுதி பூண்டார்.

சீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அவரைத் தம் அருகில் அமர்த்திப் பேசினார். எழுதப் படிக்க அறியாத அம்மன்னர், ஒரே நேரத்தில் பல அலுவல்களைக் கவனித்து, கடிதங்களைக் கேட்டு விடை சொல்லி எழுதுவித்த திறனை ஐயர் கண்டு வியந்தார். வேறு தூதர் சொல்லைத் தாம் நம்புவதில்லை, இக்கிறிஸ்தவர் ஏமாற்றமாட்டார் என்று ஹைதர் கூறியதாக ஒரு செய்தி வழங்குகிறது. அங்கே தங்கியிருந்த நாட்களில், ஹைதர் படையிலிருந்த ஐரோப்பியர்க்கும் தமிழர்க்கும் கோட்டைக்கு வெளியே கூடாரத்தில் வழிபாடு நடத்தினார். அதனை யாரும் தடுக்கவில்லை.

விடைபெறும்போது வழிச்செலவுக்கென முந்நூறு ரூபாய் கொண்ட பை ஒன்று அளிக்கப்பட்டது. மறுத்தால் மன்னர் சினத்துக்கு ஆளாவோம் என்று அலுவலர் அஞ்சியமையால் ஏற்றுக்கொண்டு, சென்னை அரசாங்கத்தாரிடம் ஒப்படைத்தார். அவர்கள் அதனை அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லவே, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதனை முதற்பொருளாக்கினார்.

ஆனால் தூது பயன் தரவில்லை. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிலேயே கும்பினிப் படை, ஹைதர் தம் பாதுகாவலில் உள்ளதெனக் கருதிய மாஹியைக் கைப்பற்றியிருந்தது. ஒரு கையால் போரை வளர்த்துக்கொண்டே, மறு கையால் அமைதித் தூதரை அனுப்பினர். உடன்படிக்கைகளை ஆங்கிலர் மீறிய வரலாற்றை ஹைதர் ஒவ்வொன்றாக எடுத்துக் கூறியபோது, ஐயரிடம் அதற்குத் தக்க மறுமொழி இருந்திருக்க இயலாது. 1780இல் ஹைதரின் பெரும்படை கருநாடகத்தில் வெள்ளமெனப் புகுந்தது. மெய்யர் ஒருவரின் நல்ல பெயரை மெய்யற்றோர் கருவியாக்கிக் கொள்ளக் கூடும் என்னும் கசப்பான பாடம் இதனுள் உண்டு. எனினும் அப்போரினிடையே, அம்முதிய பாதிரியாரை யாரும் தடுக்கலாகாது என்று ஹைதர் தம் படைத்தலைவர்க்கு ஆணையிட்டிருந்தார். கும்பினியின் சொல்லையும் அதனைச் சுமந்து வந்தவரின் சொல்லையும் பகைவர் வேறுபடுத்தி அறிந்திருந்தார்.

பஞ்சத்தில் நின்ற சொல்

போரைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. சோழவளநாடு சோறின்றி வாடியது. தஞ்சைத் தெருக்களில் பசியால் மாண்டோர் உடல்கள் நாள்தோறும் கிடந்தன. நெல் மலிவாக இருந்தபோதே ஐயர் தம்மிடமிருந்த பொருளைக்கொண்டு நெல் வாங்கிச் சேமித்திருந்தார். அதனைக்கொண்டு தம் சபையாரையும் அநாதைகளையும் காத்ததோடு, சமய வேறுபாடின்றிப் பலருக்கும் உணவளித்தார்.

கோட்டைக்குள்ளோ படைக்கே உணவில்லை. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஆனால் அதனைக் கொண்டுவர மாடுகள் இல்லை. முன்னர்க் குடிகளிடம் மாடும் நெல்லும் வாங்கிய அலுவலர் கூலி கொடாமல் ஏமாற்றியமையால், யாரும் மாடு தர முன்வரவில்லை. மன்னர் ஆணையிட்டார், பயனில்லை. இறுதியில் எம்மவர் யாரையும் குடிகள் நம்பார், பாதிரியார் சொன்னால் நம்புவர் என்று மன்னர் கருதி, அவரிடம் அதிகாரத்தை ஒப்படைத்தார். உரிய கூலியைத் தம் கையாலேயே தருவதாக ஐயர் ஊர்தோறும் சொல்லியனுப்பினார். ஓரிரு நாட்களில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. உபதேசிமாரும் சபையாரும் இரவு பகலாய் உழைத்து எண்பதாயிரம் கலம் நெல்லைக் கோட்டைக்குள் சேர்த்தனர். வந்தவர் ஒவ்வொருவர்க்கும் கூலியை எண்ணிக் கொடுத்து, சிறு அன்பளிப்பும் தந்து அனுப்பினார் ஐயர். 1782இல் பிரெய்த்வெயிட் என்னும் தளபதியின் படை தோற்றபின் மீண்டும் அதே இடர் நேர்ந்தது. மீண்டும் அவர் அழைத்தார். மீண்டும் மக்கள் மாடுகளோடு வந்தனர்.

சில ஆண்டு கழித்து இதனினும் பெரிய சோதனை வந்தது. வரி வாங்குவோர் கொடுமை பொறாது, தஞ்சை நாட்டினின்று அறுபத்தையாயிரம் பேர் வெளியேறிவிட்டனர். வயல்கள் தரிசாய்க் கிடந்தன. அரசாங்கத்தார் நீதி செய்வதாக அறிவித்தும் ஒருவரும் திரும்பவில்லை. ஐயர் வேண்டினார், இனிக் கொடுமை நேராது என்று தம் வாக்கைத் தந்தார். ஒரே நாளில் ஏழாயிரம் பேர் ஊர் திரும்பினர், ஏனையோர் பின்தொடர்ந்தனர். விதைக்கும் காலம் கடந்துவிடுமே என்று அவர் கவன்றபோது, தங்கட்குக் காட்டிய இரக்கத்துக்கு நன்றியாக இரவும் பகலும் உழைப்போம் என்று அவ்வுழவர் கூறினர், அவ்வாறே உழைத்தனர்.

இந்நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திரும்பி வந்த ஏழாயிரவருள் மிகப் பெரும்பாலோர் அவருடைய சமயத்தைத் தழுவியவர் அல்லர். அவருடைய அருளுரை அவர்கள் காதில் விழுந்திருக்கலாம், விழாதும் இருந்திருக்கலாம். ஆனால் சொன்ன கூலியை அவர் கொடுத்ததை அவர்கள் கண்டிருந்தனர். அறமன்றத்தில் எழுதிய பத்திரத்தைவிட அவர் வாய்ச்சொல் அவர்களுக்கு உறுதியாயிற்று.

சபையும் தொண்டரும்

தம்மிடம் வருவோரையெல்லாம் கணக்கிட்டுச் சேர்ப்பது ஐயர் வழக்கமன்று. மராட்டிய அந்தணக் குலத்து விதவை ஒருத்தி, ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரோடு மணமின்றி வாழ்ந்தவள், ஞானஸ்நானம் வேண்டினாள். அவ்வாழ்க்கை நீடிக்கும்வரை இயலாது என்று ஐயர் மறுத்துவிட்டார். படைத்தலைவர் இறந்தபின், 1778இல் பாளையங்கோட்டைக்குச் சென்றபோது அவளுக்கு ஞானஸ்நானம் அளித்தார். குளோரிந்தா என்பது அவள் பெற்ற பெயர். அவ்வம்மையார் தம் செல்வத்தை அறப்பணிக்கு ஈந்து, பாளையங்கோட்டையில் 1785இல் ஓர் ஆலயம் எழக் காரணரானார். பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று மக்கள் அதனை அன்போடு வழங்கினர். 1780இல் நாற்பது பெயர்களோடு தொடங்கிய அச்சபையே நெல்லைத் திருச்சபையின் வித்தாயிற்று.

அச்சபையைப் பேணத் தமிழரே வேண்டும் என்று ஐயர் எண்ணினார். உபதேசியார் சத்தியநாதனை அதற்கெனப் பயிற்றி, 1790இல் தஞ்சையில் குருப்பட்டம் அளித்தார். அப்போது சத்தியநாதன் தமிழில் ஆற்றிய அருளுரை ஆங்கிலமாக்கப்பட்டு இலண்டனில் அச்சாயிற்று. நெல்லையிலிருந்து பன்னிரண்டு வயதுச் சிறுவனாக அவர் அழைத்து வந்த வேதநாயகம், பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ஆனார்.

தஞ்சை ரெசிடென்டு ஜான் சலிவன் என்பாரோடு இணைந்து, தஞ்சையிலும் இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் ஆங்கிலப் பள்ளிகளை ஐயர் நிறுவினார். 1787இல் கும்பினி இயக்குநர் அவற்றுக்குப் பொருளுதவி அளித்தனர். அப்பள்ளிகளைச் சூழ்ச்சியால் மதம் மாற்றும் கருவியாக்குவதில்லை என்று அவர் வாக்களித்திருந்தார். அவ்வாக்கையும் காத்தார்.

குறையே இல்லாத மனிதர் அவர் என்று கூறுதல் உண்மையாகாது. ஆலயத்தினுள்ளும் சாதிக்கொரு பக்கமாக மக்கள் தனித்தமர்ந்த வழக்கத்தை அவர் வன்மையாக எதிர்த்து அகற்றவில்லை. படிப்படியாக மறையும் என்று நம்பியிருந்தார். அது மறையவில்லை. 1833இல் டேனியல் வில்சன் அத்தியட்சர் அவ்வழக்கத்தை ஒழிக்க ஆணையிட்டபோது தஞ்சைச் சபை பிளவுற்றுப் பெருந்துன்பம் அடைந்தது. உழவர் கூலியில் ஒரு காசும் குறையப் பொறாத உள்ளம், இவ்விடத்தில் காலத்தின் பொறுப்பில் விட்டுவிட்டது.

சரபோஜியின் காவலர்

1787இல் துளஜா மன்னர் மரணப்படுக்கையில் இருந்தார். சரபோஜி என்னும் பத்து வயதுச் சிறுவனைத் தத்தெடுத்து, அவன் கையைச் சுவார்ட்ஸ் ஐயர் கையில் வைத்துக் காக்குமாறு வேண்டினார். அரண்மனைச் சூழ்ச்சிகளினின்று ஒரு சிறுவனைக் காக்கத் துறவியாகிய தமக்கு வலிமை இல்லை என எண்ணிய ஐயர், மன்னரின் உடன்பிறந்தார் அமரசிங்கரைக் காவலராக்குமாறு அறிவுரை கூறினார். நல்லெண்ணத்தோடு கூறிய அறிவுரை நல்விளைவைத் தரவில்லை. மன்னர் மறைந்தபின், தத்து செல்லாது என்று சாஸ்திரிகள் தீர்ப்புக் கூறினர். கும்பினியார் அமரசிங்கரையே அரியணை ஏற்றினர். சிறுவன் சரபோஜி இருளறை ஒன்றில், கல்வியும் காற்றும் இன்றி அடைபட்டான்.

ஏற்காத பொறுப்பை ஐயர் அப்போது ஏற்றார். இறக்கும் நண்பரின் கை தம் கையில் வைத்த பிள்ளை அவன். அச்சிறுவனுக்காக அரண்மனையில் வாதாடினார், சென்னைக்கு எழுதினார். 1793இல் சரபோஜியையும் அரச குடும்பத்து மாதரையும் தாமே உடன் சென்று சென்னையில் சேர்த்தார். அங்கே கெரிக்கே ஐயரின் மேற்பார்வையில் சரபோஜி கல்வி பயின்றார். அவருடைய உரிமையை மீட்கும் பொருட்டு ஐயர் எழுதிய மடல்கள் கல்கத்தா வரை எட்டின. தத்து செல்லும் என்று பின்னர் முடிவாயிற்று. 1798 ஜூன் திங்களில் சரபோஜி தஞ்சை அரியணை ஏறினார். அதனைக் காண ஐயர் அப்போது உயிரோடில்லை.

தம் பொறுப்பில் வளர்ந்த இளவரசரை ஐயர் தம் சமயத்தில் சேருமாறு நெருக்கவில்லை. சரபோஜி தம் முன்னோர் நெறியிலேயே நின்றார். கல்வியிலும் நூல்களிலும் அவர் கொண்ட பெருங்காதல், சரசுவதி மகால் நூலகத்தை உலகறியச் செய்தது. அக்காதலுக்கு நீர் வார்த்தவருள் ஒருவர் இம்முதிய போதகர்.

அவர் எழுதிய மறுமொழி

1793இல் இலண்டனில், இந்தியாவில் சமயத் தொண்டரை அனுமதிப்பது பற்றிய விவாதம் நடந்தது. மான்ட்கோமரி காம்பெல் என்பார் தமிழ்க் கிறிஸ்தவர்களை ஒழுக்கமற்றோர் என்று இகழ்ந்து பேசினார். அச்செய்தி தஞ்சை வந்தடைந்தது. தம்மைப் பற்றி எழுதுவதை வெறுத்த ஐயர், தம் சபையார் இகழப்பட்டதைப் பொறாது, 1794இல் அறிவு விருத்திச் சங்கத்தார்க்கு நீண்ட மடல் ஒன்று வரைந்தார். எல்லாரும் நல்லவர் என்று அவர் சாதிக்கவில்லை. நெல் சுமந்து கோட்டையைக் காத்தோர் யார், பஞ்சத்தில் உழைத்தோர் யார் என்பவற்றை உள்ளபடி கூறினார். மேலே சொன்ன நிகழ்ச்சிகள் பலவற்றை நாம் இன்று அறிவது அம்மடலினால்தான். தம் புகழைப் பாடாதவர், தம் மக்களின் மானம் காக்கவே வாய் திறந்தார்.

மறைவு

1798ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள், எழுபத்தோராம் வயதில், ஐயர் தஞ்சையில் இயற்கை எய்தினார். மறுநாள் அடக்கத்துக்கு முன் சரபோஜி வந்து, பெட்டி மூடப்படுமுன் அம்முகத்தைக் கண்டு கண்ணீர் விட்டழுதார். பாடல் பாட முயன்றோர் குரல், கூடியிருந்த ஏழைகளின் அழுகுரலில் மூழ்கிப்போயிற்று. கோட்டைக்கு வெளியே அவர் அமைத்த ஆலயத்தில் அவர் உடல் துயில்கின்றது. கல்லறைக் கல்லில் பொறிக்க ஆங்கிலப் பாவடிகளைச் சரபோஜி தாமே இயற்றினார்.

அத்தோடு மன்னர் அமைந்தாரில்லை. இலண்டனில் ஜான் பிளாக்ஸ்மன் என்னும் பெருஞ்சிற்பியைக் கொண்டு பளிங்குச் சிற்பம் ஒன்றைச் செய்வித்துத் தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் அமைத்தார். மரணப்படுக்கையில் கிடக்கும் போதகர் கையை இளவரசர் பற்றி நிற்கும் காட்சி அதில் உயிரோடு விளங்குகின்றது. ஒரு நாள் துளஜா மன்னர் சிறுவன் கையைப் போதகர் கையில் வைத்தார். மற்றொரு நாள் அச்சிறுவனே மன்னனாகும் நிலையில் நின்று போதகர் கையைப் பற்றினான். கும்பினியாரும் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தில் ஒரு நினைவுச் சிற்பம் நிறுவினர். பிள்ளையாய் ஏற்று அவர் வளர்த்த ஜான் காஸ்பர் கோலாப் ஐயர், 1844 வரை வாழ்ந்து அவர் பணியைத் தொடர்ந்தார்.

சுவார்ட்ஸ் ஐயர் பெரிய நூல்களை எழுதி வைத்தவர் அல்லர். அவருடைய அருளுரைகளுள் நம் காதில் இன்று ஒலிப்பன சிலவே. ஆயினும் எண்பதாயிரம் கலம் நெல்லும், ஊர் திரும்பிய உழவர் கூட்டமும், இருளறையினின்று மீண்ட ஓர் இளவரசனும் அவருடைய போதனைக்குப் பொழிப்புரையாக நிற்கின்றன. சமயத் தொண்டர்க்கு மட்டுமன்று, சொல்லை நம்பி வாழும் யாவர்க்கும் இவ்வாழ்க்கை ஓர் அளவுகோல். பிறந்த மண்ணை விட்டு வந்து, பிழைக்க வந்த மண்ணில் நம்பிக்கை ஒன்றையே முதலாகக் கொண்டு வாழும் தமிழர் நாம். நம் சொல்லும் கூலியாளிடத்தும் அண்டை வீட்டாரிடத்தும் செல்லுபடியாகும் சொல்லாக இருத்தல் வேண்டும். அயல்நாட்டிலிருந்து வந்து நம் மொழியில் பேசி, பேசியவாறே நடந்து காட்டிய அப்பெரியாரின் நினைவு வாழ்க!